ஜூடாஸ் பிரீஸ்ட்: கேட்டு வளர்ந்தவர்கள் தாங்கிய குழு

மின்கிட்டார்கள் அதிரும் ஹெவி மெட்டல் இசைக்குழு ஒன்றின் சரிவைப் பற்றிப் பேச்சு வந்தால் காலமாற்றத்தின் மீது பழியைப் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. தொண்ணூறுகளில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்திலிருந்து வேறு வகை ராக் குழுக்கள் வந்தன, கேட்பவர்களின் ரசனை மாறியது, பழையவர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இங்கிலாந்தின் ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவைப் பல ஆண்டுகளாகக் கேட்டும், அவர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தும் வருபவன் என்ற முறையில், இந்த விளக்கம் அவர்களுக்குப் பொருந்தாது என்று உறுதியாக நினைக்கிறேன். அவர்கள் விழுந்த இடங்களைத் தேடிப் பார்த்தால், பெரும்பாலும் அங்கே ஒரு ஒப்பந்தமோ, உறுப்பினர்கள் தங்களுக்குள் மனம்விட்டுப் பேசாமல் தள்ளிப்போட்ட ஒரு விஷயமோ இருக்கிறது. எழுந்த இடங்களிலோ, அவர்களுடைய பாடல்களைக் கேட்டு வளர்ந்த யாரோ ஒருவர் தோள் கொடுத்திருக்கிறார்.

குழுவின் தொடக்கம் 1969ஆம் ஆண்டு, பர்மிங்காமை ஒட்டிய வெஸ்ட் பிராம்விச் நகரம். அந்த முதல் குழு விரைவிலேயே கலைந்துவிட, அதன் பாடகர் ஆல் அட்கின்ஸ், கிட்டார் கலைஞர் கே. கே. டவுனிங்கும் பேஸ் கிட்டார் கலைஞர் இயன் ஹில்லும் நடத்திவந்த இன்னொரு குழுவோடு சேர்ந்துகொண்டு, பழைய பெயரையும் அங்கே கொண்டுபோனார். 1973இல் அட்கின்ஸ் விலகியபோது, ஹில்லின் காதலி தன் சகோதரரைப் பரிந்துரைத்தார். அவர்தான் ராப் ஹால்ஃபோர்டு. அடுத்த ஆண்டு இரண்டாவது கிட்டார் கலைஞராக கிளென் டிப்டன் வந்து சேர்ந்தார். இரும்பு உருக்கும் ஆலைகளும் வார்ப்படப் பட்டறைகளும் நிறைந்த பகுதி அது. வால்சால் நகரில் வளர்ந்த ஹால்ஃபோர்டின் சிறுவயது நினைவுகளில் உலைகளின் புகையும் ஓசையும் தவறாமல் வருகின்றன. டிப்டன் இசைக்கு வருமுன் பிரிட்டிஷ் ஸ்டீல் நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர். இந்த இசைக்கு மெட்டல் என்ற பெயர் யாரால் எப்படி வந்திருந்தாலும், இவர்களைப் பொறுத்தவரை அது பிறந்த மண்ணின் ஓசை.

முதல் அடி தொடக்கத்திலேயே விழுந்தது. கல் ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய நிறுவனத்துக்காக 1974இல் ‘ராக்கா ரோலா’, 1976இல் ‘சேட் விங்ஸ் ஆஃப் டெஸ்டினி’ ஆகிய ஆல்பங்களைப் பதிவு செய்தார்கள். இரண்டாவது ஆல்பம் இன்று இந்த இசையின் அடித்தளங்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. ஆனால் அதைப் பதிவு செய்துகொண்டிருந்த நாள்களில் அவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலைகளுக்குப் போக வேண்டியிருந்தது. 1977இல் சி.பி.எஸ். என்ற பெரிய நிறுவனம் அழைத்தபோது கல் நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போனார்கள். அதற்கு விலையாக அந்த இரண்டு ஆல்பங்களின் உரிமையையும் இழந்தார்கள். அதன் பிறகு அந்தப் பாடல்கள் எத்தனை முறை, எத்தனை தொகுப்புகளில் வெளிவந்தாலும், அதில் பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் நீண்ட காலம் எந்தப் பிடியும் இருக்கவில்லை. இளம் கலைஞர்கள் வறுமையில் கையெழுத்திடும் தாள் எத்தனை ஆண்டுகள் பின்தொடரும் என்பதற்கு இதைவிடத் துயரமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சி.பி.எஸ். காலத்தில்தான் அவர்களுடைய தனித்தன்மை முழுமையாக உருப்பெற்றது. ஒரு குழுவில் ஒரே ஒருவர்தான் முதன்மைக் கிட்டார் வாசிப்பார் என்ற வழக்கத்துக்கு மாறாக, டவுனிங்கும் டிப்டனும் சம உரிமையோடு வாசித்தார்கள். கோயில் புறப்பாட்டில் இரட்டை நாயனம் ஒலிக்கும்போது ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுப்பதும், பிறகு இருவரும் ஒன்றுகூடி ஊதுவதும் எப்படி நம்மைக் கட்டிப்போடுமோ, அப்படிப்பட்ட கட்டுதான் இவர்களுடையதும். கருப்புத் தோலாடை, உலோகக் குமிழ்கள், மேடைக்கே ஓட்டிவரும் ஹார்லி டேவிட்சன் வண்டி ஆகியவை எழுபதுகளின் இறுதியில் சேர்ந்துகொண்டன. இன்று உலகெங்கும் மெட்டல் ரசிகர்கள் அணியும் உடைக்குப் பெருமளவு இவர்களே மூலம்.

1980இல் வெளியான ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ ஆல்பத்தை, முன்பு பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனுக்கும் அப்போது அதே குழுவின் ரிங்கோ ஸ்டாருக்கும் சொந்தமாயிருந்த டிட்டன்ஹர்ஸ்ட் பார்க் மாளிகையில் தயாரிப்பாளர் டாம் ஆலமுடன் பதிவு செய்தார்கள். ஓசைகளைக் கணினியில் எடுத்துச் சேர்க்கும் வசதி வராத காலம் என்பதால், கண்ணாடி நொறுங்கும் ஓசைக்குப் பால் புட்டிகளை உடைத்தார்கள். இயந்திர மனிதர்களின் காலடி ஓசைக்குக் கரண்டிகள் நிறைந்த தட்டைக் குலுக்கினார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் உருக்காலைத் தொழிலாளர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஆல்பத்தின் பெயருக்குக் கூடுதல் கனம் வருகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ‘ஸ்கிரீமிங் ஃபார் வெஞ்சன்ஸ்’ அமெரிக்காவில் இருபது லட்சம் பிரதிகளுக்கான இரட்டை பிளாட்டினம் அங்கீகாரத்தைப் பெற்றது. 1983 மே மாதம் கலிபோர்னியாவில் நடந்த ‘அஸ் ஃபெஸ்டிவல்’ இசை விழாவில் லட்சக்கணக்கானோர் முன் பாடினார்கள்.

எண்பதுகளின் பிற்பாதியில் தடுமாற்றம் தெரிந்தது. 1986இல் வந்த ‘டர்போ’வில் கிட்டாரின் ஒலியை மின்னணு முறையில் மாற்றும் கிட்டார் சிந்தசைசர் புகுந்தபோது பழைய ரசிகர்களில் பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்த ஆல்பத்தின் மேல் பகையில்லை. அதில் நல்ல மெட்டுகள் உண்டு, அது விற்கவும் செய்தது. ஆனால் 1988இல் அன்றைய பாப் பாடல்களின் வெற்றித் தயாரிப்பாளர்களான ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மேன் மூவருடன் சேர்ந்து சில பாடல்களைப் பதிவு செய்தார்கள் என்ற செய்தி, திசை தெரியாமல் நின்றிருக்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது. நல்லவேளையாக அவர்களே அவற்றை வெளியிடாமல் நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்து வந்தது நீதிமன்றம். 1985 டிசம்பரில் நெவாடா மாநிலத்தில் இரண்டு இளைஞர்கள் குடித்திருந்த நிலையில், ‘ஸ்டெயின்டு கிளாஸ்’ ஆல்பத்தைக் கேட்ட பிறகு தற்கொலைக்கு முயன்றார்கள். ஒருவர் அன்றே இறந்தார். மற்றவர் கொடிய காயங்களோடு பிழைத்து 1988இல் இறந்தார். அந்த ஆல்பத்தில் இருந்த ஒரு பாடலில், தற்கொலைக்குத் தூண்டும் சொற்கள் காதுக்குப் புலப்படாதபடி ஒளித்துவைக்கப்பட்டிருக்கின்றன என்று குடும்பத்தினர் குழுவின் மீதும் சி.பி.எஸ். மீதும் வழக்குத் தொடர்ந்தார்கள். அந்தப் பாடல் இவர்கள் எழுதியதுகூட அல்ல; ஸ்பூக்கி டூத் என்ற முந்தைய குழுவின் பாடலை இவர்கள் மறுபடி பாடியிருந்தார்கள். பாடல் வரிகளுக்கு அமெரிக்க அரசியல் சாசனத்தின் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு, ஆனால் ஒளித்துவைக்கப்பட்ட செய்திக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று நீதிபதி கூறிவிட்டதால், வழக்கு முழுவதும் ஒலிப்பதிவில் கேட்டதாகச் சொல்லப்பட்ட ஓர் ஓசையைச் சுற்றியே நடந்தது.

1990 கோடையில் ரீனோ நகரத்து நீதிமன்றத்தில் வாரக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். ஹால்ஃபோர்டு சாட்சிக் கூண்டில் இசைக்கருவி ஏதுமின்றிப் பாடிக் காட்டினார். தாம் மூச்சை வெளிவிடும் ஓசையும் கிட்டாரின் ஓர் ஒலியும் ஒரே இடத்தில் பொருந்தியதுதான் சொல்போலக் கேட்கிறது என்று விளக்கினார். எந்தப் பாடலையும் பின்னோக்கி ஓட்டினால் பொருளற்ற வாக்கியங்கள் காதில் விழும் என்பதையும் தம் பாடல்களைக் கொண்டே காட்டினார். அந்த ஓசை தற்செயலானது என்று ஆகஸ்ட் 24ஆம் நாள் தீர்ப்பு வந்தது. இறந்துபோன இளைஞர்கள் அந்த இசையை நேசித்தவர்கள். தங்களை நேசித்தவர்களின் சாவுக்குத் தாங்களே காரணம் என்று குற்றம் சாட்டப்படுவதைவிடக் கொடிய சுமை ஒரு கலைஞருக்கு இருக்க முடியாது. வென்ற பிறகும் அவர்கள் அதைக் கொண்டாடவில்லை என்பதை நான் மதிக்கிறேன்.

தீர்ப்புக்கு அடுத்த மாதம் ‘பெயின்கில்லர்’ வெளியானது. அமெரிக்கரான ஸ்காட் டிராவிஸ் டிரம்ஸ் வாசிக்க வந்திருந்தார். ஜூடாஸ் பிரீஸ்டைக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த அவர், பின்னர் வந்த வேகமான குழுக்களின் விரைவையும் அறிந்திருந்தார். ஆல்பத்தின் முதல் சில நொடிகளில் அவர் தனியாக வாசிக்கும் அந்த அடிகளே, இருபது வயதைத் தாண்டிய ஒரு குழுவைத் திரும்பவும் இளமையாக்கிவிட்டன. என் கணக்கில் அவர்களுடைய சிகரம் இதுதான். இந்தச் சிகரத்தில் நின்றபோதுதான் குழு உடைந்தது என்பதால்தான், ரசனை மாறியது என்ற விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஹால்ஃபோர்டு ஃபைட் என்ற தனிக் குழுவை வைத்துக்கொண்டு சில காலம் வேறு வகையில் பாட விரும்பினார். பதிவு நிறுவனத்துடன் இருந்த ஒப்பந்த விதிகள் இடையில் வந்தன. விளக்கமாகப் பேசித் தீர்த்திருக்க வேண்டியது கடிதப் போக்குவரத்தில் கசந்து, 1992இல் முழுப் பிரிவாக முடிந்தது. அவர் மீண்டும் அவர்களோடு பாட பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இடைப்பட்ட காலத்தைப் பெரும்பாலான கட்டுரைகள் இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. அது டிம் ஓவன்ஸுக்குச் செய்யும் அநீதி. அமெரிக்காவின் அக்ரன் நகரத்துக்காரரான அவர், ஜூடாஸ் பிரீஸ்டின் பாடல்களை மட்டுமே பாடும் ஓர் உள்ளூர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். அந்தக் குழுவின் பெயரே பிரிட்டிஷ் ஸ்டீல். அவர் பாடிய ஒளிப்பதிவு டிராவிஸ் மூலமாக மற்றவர்கள் கைக்குப் போய், 1996இல் அவரே பாடகரானார். ஹால்ஃபோர்டின் உச்சத் தொனியை அதே வலிவோடு பாடக்கூடியவர் உலகில் அன்று மிகச் சிலரே இருந்தார்கள். ‘ஜக்குலேட்டர்’, ‘டெமாலிஷன்’ என்று அவர் பாடிய இரண்டு ஆல்பங்களும் அமெரிக்க ஆல்பம் விற்பனைப் பட்டியலில் கீழேதான் நின்றன. சிறிய அரங்குகளுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. குறை பாடகரிடம் இல்லை. டிப்டனும் டவுனிங்கும் அந்த ஆண்டுகளில் எழுதிய பாடல்கள், அன்று புதிதாய் வந்த குழுக்களின் இறுகிய, மெட்டில்லாத கிட்டார் நடையைப் பின்பற்றப் பார்த்தன. இரட்டைக் கிட்டாரின் பாடும் தன்மை அதில் காணாமல் போனது. ஆனாலும் மேடையில் அந்த மனிதர் பழைய பாடல்களுக்கு உயிர் கொடுத்தார். அவர் இல்லாதிருந்தால் ஹால்ஃபோர்டு திரும்பி வருவதற்கு ஒரு குழு இருந்திருக்குமா என்பது ஐயமே.

இதே காலத்தில் ஹால்ஃபோர்டின் வாழ்விலும் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. தாம் ஒருபாலீர்ப்பு உள்ளவர் என்பதை 1998இல் எம்.டி.வி. நேர்காணல் ஒன்றில் வெளிப்படையாகச் சொன்னார். ஆண்மையின் முரட்டு அடையாளங்களையே போற்றும் இந்த உலகம் அவரை ஒதுக்கிவிடும் என்று அவரே பல ஆண்டுகள் அஞ்சியிருந்தார், ரசிகர்கள் ஒதுக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருப்பதில் எனக்குப் பெருமை உண்டு.

2003இல் அவர் திரும்பினார். 2005இல் வந்த ‘ஏஞ்சல் ஆஃப் ரெட்ரிபியூஷன்’ நல்ல வரவேற்பைப் பெற்றது. 2008இல் பதினாறாம் நூற்றாண்டு பிரெஞ்சு சோதிடரான நாஸ்ட்ரடாமஸின் வாழ்க்கையை வைத்து நூறு நிமிடங்களுக்கு மேல் நீளும் இரட்டை ஆல்பம் ஒன்றைச் செய்தார்கள். முயற்சி பெரிது, ஆனால் பாதியைக் குறைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2010இன் இறுதியில் விடைபெறும் உலகச் சுற்றுப்பயணத்தை அறிவித்தபோது எல்லாம் முடிந்தது என்றே நினைத்தோம். பயணம் தொடங்குமுன், 2011 ஏப்ரலில், டவுனிங் விலகினார். நாற்பது ஆண்டுகள் சேர்ந்து வாசித்தவர்களுக்குள் அடங்கிக் கிடந்த மனத்தாங்கல்கள் பிறகு அவருடைய பேட்டிகளில் ஒவ்வொன்றாக வெளிவந்தன. அவருடைய இடத்துக்கு வந்த ரிச்சி ஃபால்க்னருக்கு அப்போது முப்பத்தொரு வயது. அவர் பிறந்தபோது ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ உருவாகிக்கொண்டிருந்தது. அவரோடு வாசித்துப் பார்த்த பிறகு மூத்தவர்களுக்கு ஓய்வு பெறும் எண்ணமே போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். 2014இல் வந்த ‘ரிடீமர் ஆஃப் சோல்ஸ்’ அவர்களை முதல்முறையாக அமெரிக்கப் பட்டியலின் முதல் பத்துக்குள் கொண்டுபோனது. 2018இல் வந்த ‘ஃபயர்பவர்’ பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் ஐந்தாம் இடத்தைத் தொட்டது.

அந்த மகிழ்ச்சியோடு துயரமும் சேர்ந்தே வந்தது. ‘ஃபயர்பவர்’ வெளியாவதற்குச் சற்று முன்புதான், டிப்டனுக்குப் பல ஆண்டுகளாகவே பார்க்கின்சன் நோய் இருப்பதாக அறிவித்தார்கள். விரல்களின் கட்டுப்பாட்டையே தொழிலாகக் கொண்டவருக்கு வந்த நோய் அது. அந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஆண்டி ஸ்னீப் மேடையில் அவர் இடத்தில் வாசித்தார். முடிந்த இரவுகளில் டிப்டன் இறுதிப் பாடல்களுக்கு மட்டும் வந்து நின்றார். 2021 செப்டம்பரில் கென்டக்கியின் லூயிவில் நகரத்து விழாவில் ‘பெயின்கில்லர்’ வாசித்துக்கொண்டிருந்தபோது ஃபால்க்னரின் பெருந்தமனி கிழிந்தது. அவர் பாடலை முடித்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்கினார். அருகிலேயே இதய அறுவை மருத்துவமனை இருந்ததும், பத்து மணி நேரம் நீண்ட அறுவை சிகிச்சை பலித்ததும் அவரைக் காப்பாற்றின.

2022 தொடக்கத்தில், இனி ஒரே கிட்டாருடன் நான்கு பேராகவே மேடையேறப் போவதாக அறிவித்தார்கள். ரசிகர்கள் ஒரே குரலில் எதிர்க்க, சில நாள்களிலேயே அந்த முடிவைக் கைவிட்டு ஸ்னீப்பைத் திரும்ப அழைத்தார்கள். இரட்டைக் கிட்டார் இல்லாத ஜூடாஸ் பிரீஸ்ட் என்பதைக் கேட்பவர்கள் ஏற்கவில்லை. அவர்களே சற்று மறந்திருந்ததைக் கேட்பவர்கள் நினைவூட்டினார்கள். அதே ஆண்டு நவம்பரில், சிறந்த ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் அமெரிக்க அமைப்பான ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவர்களைச் சேர்த்துக்கொண்டபோது டவுனிங்கும் அதே மேடையில் நின்று வாசித்தார். ஆனால் அது அந்த ஒரு மாலையோடு சரி. அவர் கே.கே.ஸ் பிரீஸ்ட் என்ற தம் குழுவுக்கே திரும்பினார். அங்கே பாடுபவர் டிம் ஓவன்ஸ்.

2024 மார்ச்சில் வந்த ‘இன்வின்சிபிள் ஷீல்டு’ பிரிட்டிஷ் பட்டியலில் இரண்டாம் இடம் பெற்றது. அதுவரை அங்கே அவர்கள் தொட்ட உயரங்களிலேயே இதுதான் பெரியது. எழுபதைத் தாண்டிய ஹால்ஃபோர்டு, புரோஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு இதில் பாடியிருக்கிறார். இந்தக் குழுவை இதுவரை கேட்டிராதவர்கள் ‘பிரிட்டிஷ் ஸ்டீலில்’ தொடங்கி, அடுத்ததாக ‘பெயின்கில்லரை’ நல்ல ஒலியில் கேட்டுவிட்டு, ‘ஃபயர்பவருக்கு’ வரலாம். ஓவன்ஸ் காலத்தை அறிய விரும்புபவர்கள் ஆல்பங்களை விட, அவர் மேடையில் பாடிய நேரடிப் பதிவுகளைத் தேடிக் கேட்பது நல்லது. அவருடைய குரலின் முழு வீச்சு அங்கேதான் இருக்கிறது.