லொபிக் கண்ணாடியில் ஒரு மேப்பிள் மரம்

செப்ரெம்பர் 23, 2024, திங்கள்

காலை ஏழரைக்கு பஸ்ஸுக்கென்று இறங்கினால், லொபி வாசலில் ஒரு குருவி வாய் திறந்தபடி குந்தியிருக்கிறது. தொண்டையில் வெள்ளைத் திட்டு, கண்ணருகே மஞ்சள் பொட்டு. பக்கத்து வீட்டு அக்கா போத்தல் மூடியில் தண்ணீர் கொண்டு ஓடி வந்தா. ஃபிளாப் அமைப்புக்குப் போன் போட்டேன். 1993 இலிருந்து ரொறன்ரோவில் இப்படிக் கண்ணாடியில் மோதி விழுகிற பறவைகளைப் பொறுக்கி எடுக்கிற தொண்டர்கள் அவர்கள். தண்ணீரும் வேண்டாம், தீனியும் வேண்டாம், கடதாசிப் பையில் வைத்து மடித்து இருட்டில் வையுங்கள் என்றார் அந்தப் பெண். தெளிந்ததுபோல் இருந்தாலும் பறக்க விடக்கூடாதாம், தலைக்குள் அடிபட்டிருக்கும்.

பாண் வாங்கிய பை கைகொடுத்தது. தொண்டர் ஒருவர் வந்து வனவிலங்கு மையத்துக்குக் கொண்டுபோனார். வேலைக்குப் பிந்தியதற்கு வயிற்றோட்டம் என்று சொல்லி வைத்தேன்.

ஒக்டோபர் 5, சனி

கட்டடம் துப்பரவாக்கிற அண்ணையிடம் கேட்டேன், இப்படி முன்னமும் விழுந்திருக்கா என்று.

"என்ன பிள்ளை கேக்கிறாய்? நான்தானே எட்டு மணிக்கு முதல் கூட்டி அள்ளுறனான். சனம் கண்டால் அருவருப்பெண்டு முறைப்பாடு வரும்."

பதினொரு வருசமாக இந்தக் கட்டடத்தில் இருக்கிறேன். ஒன்றைக்கூடக் கண்டதில்லை. அவ்வளவு சுத்தம்!

இந்தக் குருவிகள் இரவில் தெற்கு நோக்கிப் பறக்கிறவை. நகரத்து வெளிச்சம் கீழே இழுக்கிறது. விடிந்ததும் பசியோடு மரம் தேடினால், எங்கள் கண்ணாடியில் எதிர்ப்பக்கத்து மேப்பிள் அப்படியே நிற்கிறது. போன வருசம் யாரோ ஒரு பருந்துப் படம் ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு ஒரு சாண் தள்ளி, மோதின இறகின் தடம். அசையாத பருந்துக்கு எந்தக் குருவி பயப்படும்? வேண்டியது, கண்ணாடி இருக்கென்று குருவிக்குக் காட்டுகிற புள்ளிகள்: 5 செ.மீ. இடைவெளியில், கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்க.

அண்ணையோடு ஒரு ஒப்பந்தம். நான் படம் எடுக்கும்வரை அவர் கூட்டமாட்டார்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

குடியிருப்பாளர் கூட்டம். பதினேழு படங்களோடு போனேன். மாநகரசபை 2007 இல் வெளியிட்ட பறவைப் பாதுகாப்பு வழிகாட்டியையும் அச்சடித்துக் கொண்டுபோனேன். 2010 இலிருந்து புதிய கட்டடங்களுக்குப் பறவைக்குப் பாதுகாப்பான கண்ணாடி கட்டாயம். எங்களுடையது 1988. ஆகவே அந்த விதி எங்களைக் கட்டாயப்படுத்தாது. தலைவருக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

"பூனையள்தானே கூடக் கொல்லுது?" என்றார். பொய்யில்லை, கனடாவில் கண்ணாடியைவிடப் பூனைகள் கொல்வதுதான் அதிகம். ஆனால் எங்கள் லொபியில் பூனை இல்லையே. சிக்காகோவில் மக்கோர்மிக் பிளேஸ் மண்டபத்தடியில் போன வருசம் ஒரே நாளில் ஏறக்குறைய ஆயிரம் பறவைகள் செத்ததைச் சொன்னேன். இந்தக் கோடையில் அங்கும் புள்ளித்தாள் ஒட்டிவிட்டார்கள். சபை அசையவில்லை. பிறகு பின்வரிசையில் நின்ற அண்ணை, கேட்காமலே சொன்னார்: "பதினேழு இல்லை. இவ லீவிலை நிண்ட ரெண்டு நாளும் சேர்த்து இருபத்திரண்டு."

மேப்பிளைப் பார்க்கிற பக்கத்துக்கு மட்டும் காசு ஒதுக்கினார்கள். இரவு பதினொன்றுக்குப் பிறகு லொபி விளக்கு ஆள் வந்தால் மட்டும் எரியும்.

நவம்பர் 16, சனி

ஒட்டுகிறவர்கள் வந்து பார்த்துவிட்டு, குளிரில் பசை பிடிக்காது, வசந்தத்தில் வருகிறோம் என்று போய்விட்டார்கள்.

மே 11, 2025, ஞாயிறு

புள்ளி ஒட்டி மூன்று வாரம். "கண்ணுக்குள்ளை பூச்சி பறக்கிறமாதிரிக் கிடக்கு" என்கிறா பக்கத்து வீட்டு அக்கா. எனக்கு இரண்டு நாளில் பழகிவிட்டது. வடக்கே திரும்புகிற குருவிகள் மேப்பிளில் கத்துகின்றன. லொபிப் பக்கம் இதுவரை ஒன்றும் விழவில்லை.

இன்று ஏழு மணிக்கு அண்ணையின் போன். "பிள்ளை, ஒண்டு கிடக்கு. ஜிம் பக்கம். உயிர் இருக்கு."

அந்தப் பக்கத்துக்குப் புள்ளி ஒட்டவில்லை. பாண் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.