பென்சில் குறிப்புகள் கணினிக்கு வந்த கதை

பறவை பார்க்கத் தொடங்கிய காலத்தில் எல்லாவற்றையும் கோடு போட்ட நோட்டில்தான் எழுதிவந்தேன். கூந்தன்குளம், விஜயநாராயணம், நயினார்குளம் என்று திருநெல்வேலிப் பக்கத்துக் குளங்களின் பட்டியல்கள். பென்சில் எழுத்து மங்கத் தொடங்கியதும், இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று உட்கார்ந்தேன்.

உலகெங்கும் பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்டு இணையதளத்தில் நேரடியாக ஏற்றிவிடலாம் என்றார்கள் நண்பர்கள். எனக்கோ முதலில் எல்லாம் என் கணினியிலேயே, இணையம் இல்லாதபோதும் திறக்கிற ஒரே கோப்பாக இருக்க வேண்டும். அதனால் பறவைப் பட்டியல்களைச் சேர்த்துவைக்கும் சைத்பில் (Scythebill) மென்பொருளை எடுத்துக்கொண்டேன். இலவசம், திறமூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நிறுவுவதில் சிரமம் ஒன்றும் இல்லை. இடங்களை நாடு, மாநிலம், அதற்குள் ஊர் என்று அடுக்கி வைத்துக்கொண்டால், ஒரு நாளின் பட்டியலை மளமளவென்று எழுதிவிடலாம். பெயரின் சில எழுத்துகளைத் தட்டினாலே பறவை வந்து நிற்கும்.

நேரம் பிடித்தது பெயர்களில்தான். நீலத் தாழைக்கோழிக்குப் பழைய கையேட்டைப் பார்த்து 'போர்ஃபிரியோ போர்ஃபிரியோ' என்று எழுதி வைத்திருந்தேன். பின்னால் அந்த இனத்தைப் பல இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். இன்று அந்த அறிவியல் பெயர் ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா பக்கத்துப் பறவையைக் குறிக்கும். நம் குளத்தில் தாமரை இலைமேல் நடப்பது 'போர்ஃபிரியோ போலியோசெபாலஸ்'. நோட்டில் உள்ளதை அப்படியே தட்டினால் கூந்தன்குளத்தில் ஐரோப்பியப் பறவை வந்துவிடும். இதற்காகவே, அந்தந்த நாட்டில் காணப்படும் பறவைகளின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி சைத்பில்லில் இருக்கிறது. உலகப் பறவைகளை இனம் பிரித்துப் பெயரிடும் கிளெமென்ட்ஸ், ஐஓசி என்ற இரு வகைப்பாடுகளில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஈபேர்டு பின்பற்றுவது கிளெமென்ட்ஸ் என்பதால் நான் அதிலேயே இருந்துவிட்டேன்.

அடுத்தது எண்ணிக்கை. வரித்தலை வாத்துக்கு எதிரே பல பக்கங்களில் 'நிறைய' என்று மட்டும் இருந்தது. நினைவிலிருந்து இருநூறு, முந்நூறு என்று போட ஆசை வரும்; போடக் கூடாது. பறவை இருந்தது என்பது மட்டுமே உறுதி என்றால், எண் இருக்க வேண்டிய இடம் காலியாகவே இருக்கட்டும். இல்லாத எண்ணை எழுதிவைத்தால், நாளைக்கு வலசைப் பறவைகள் குறைந்தனவா கூடினவா என்று பார்ப்பவர் அதை நம்பி ஏமாந்துபோவார். பார்த்த எல்லாப் பறவைகளையும் எழுதிய பட்டியலா என்று ஈபேர்டு கேட்கும் கேள்விக்கும் இதே கண்டிப்பு தேவை. தவிட்டுக்குருவியையும் காகத்தையும் விட்டுவிட்டு நாரைகளை மட்டும் எழுதிய பக்கங்களுக்கு 'முழுமை' என்று குறியிடவில்லை. எத்தனை மணிக்குப் போனேன், எவ்வளவு தூரம் நடந்தேன் என்பது இல்லாதவற்றை 'வரலாற்றுப் பதிவு' வகையில் சேர்த்தேன்.

இதெல்லாம் சரியானதும் ஈபேர்டுக்கு அனுப்புவது சுலபம். சைத்பில்லே அதற்கேற்ற சிஎஸ்வி (எளிய அட்டவணை) கோப்பைத் தந்துவிடும். தேதியில் ஈபேர்டு மாதத்தை முதலிலும் நாளை அடுத்தும் எதிர்பார்க்கும். கையால் அட்டவணை தயாரிப்பவர்கள் தடுமாறுவது அங்கேதான். ஏற்றிய பிறகு சில பதிவுகளுக்கு, அவற்றைச் சரிபார்க்கும் ஈபேர்டு மதிப்பாய்வாளர்கள் விவரம் கேட்டார்கள். அலகின் நிறம், கால், பறந்த விதம் என்று நோட்டின் ஓரத்தில் கிறுக்கியிருந்தவை அப்போது கைகொடுத்தன. ஆகவே, கணினியில் ஏறிவிட்டது என்று நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சைத்பில்லில் பறவையல்லாத உயிரினங்களுக்கும் தனிப் பட்டியல் சேர்க்கலாம். தட்டான்களுக்கு ஒன்று சேர்த்தாயிற்று; வண்ணத்துப்பூச்சி நோட்டை இப்போதுதான் எடுத்திருக்கிறேன்.