ஓ.பி. சீட்டுகளை எண்ணிப் பார்த்தபோது

மருந்தியல் மேற்படிப்பில் தீசிஸுக்கு நான் எடுத்தது, எங்கள் அரசு மருத்துவமனை ஓ.பி.யில் டாக்டர்கள் மருந்து எழுதும் விதம். உலக சுகாதார நிறுவனம் 1993இல் இதற்கென்றே ஒரு கையேடு போட்டிருக்கிறது. ஒரே மருத்துவமனை என்றால் குறைந்தது 100 சீட்டு வேண்டும். சீட்டுக்குச் சராசரி எத்தனை மருந்து, கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் (ஜெனரிக்) எழுதியது எவ்வளவு, ஆன்டிபயாடிக் எத்தனை பேருக்கு, ஊசி எத்தனை பேருக்கு, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது எவ்வளவு என்று ஐந்து கணக்கு.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கிடைத்தது. ஆனால் சீட்டு நோயாளியோடு வீட்டுக்குப் போய்விடுகிறதே! டாக்டர் அறையில் போய் நின்றால் அன்றைக்கு மட்டும் எல்லாரும் அளவாக எழுதுவார்கள். அதனால் மருந்து கவுன்டர் ஓரமாக நின்று, கேட்டு வாங்கி, பெயரை மறைத்துப் படம் எடுத்துக்கொண்டேன்.

எண்ணும்போது ஆயிரம் சந்தேகம். கூட்டு மாத்திரை ஒன்றாகத்தான் கணக்கு. தடுப்பூசி ஊசியில் சேராது. பாக்டீரியாவுக்கும் அமீபாவுக்கும் கொடுக்கும் மெட்ரோனிடசோலை ஆன்டிபயாடிக்கில் சேர்ப்பதா என்பதை முதலிலேயே முடிவுசெய்து எழுதிவைத்துவிடுங்கள். நடுவில் மாற்றினால் மறுபடி முதலிலிருந்துதான்.

ஒரு சீட்டு: பாராசிட்டமால் 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று), சளி, அலர்ஜிக்கான சி.பி.எம். 0-0-1, வயிற்று அமிலத்துக்கான ரானிடிடின் 1-0-1, பி காம்ப்ளெக்ஸ் 1-0-0. நோய் எழுதும் இடம் காலி. சளிக்கு நான்கு என்றால் அதிகம்தான். ஆனால் சுகர் கிளினிக்கில் சுகருக்கு மெட்பார்மின், பிரஷருக்கு அம்லோடிபின், கொழுப்புக்கு அட்டார்வாஸ்டாட்டின் என்று மூன்று எழுதியவரை எப்படிக் குறை சொல்வது? சீட்டுக்கு இத்தனை மருந்து போதும் என்று எல்லாரும் ஒப்பிடும் 1.6–1.8 என்ற அளவு அங்கே பொருந்தவே பொருந்தாது. பொது ஓ.பி., சுகர் கிளினிக் இரண்டையும் சேர்த்துச் சராசரி போடக் கூடாது என்று கைடிடம் மல்லுக்கட்டித் தனித்தனியாகப் போட்டேன். மூலப்பெயர்க் கணக்கு அமோகமாக வந்தது. அந்தப் பெருமை டாக்டர்களைவிட, மூலப்பெயரிலேயே மருந்து அனுப்பும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்குத்தான் சேரும் என்பேன்.

மருந்து வாங்கியவர்களிடமும் பேச வேண்டும். “பாட்டி, இதை எப்போ சாப்பிடணும்?”

“வெள்ளை காலையில, மஞ்சள் ராத்திரி. இந்தச் சின்னது எதுக்குன்னு யாரும் சொல்லலையே கண்ணு.”

கவரில் ஒரு எழுத்துகூட இல்லை.

துறைக் கூட்டத்தில் முடிவுகளைக் காட்டியபோது, “சத்து மாத்திரை எழுதலைன்னா பேஷன்ட் நகர மாட்டேங்கிறாங்கம்மா” என்றார் ஒரு சீனியர். அதுவும் உண்மைதான். அப்புறம் பேசி, நோயின் பெயர் இல்லாத சீட்டுக்கு கவுன்டரில் மருந்து தருவதில்லை என்று முடிவெடுத்தார்கள். கவர் விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.