வலது காலில் ஏறிய துரு: பழைய பைக்கின் பெட்ரோல் டேங்கைச் சுத்தம் செய்து பூச்சு போட்ட கதை

இரண்டு கிலோமீட்டர் ஒழுங்காக ஓடும். மூன்றாவதில் மூச்சு வாங்கும், இரண்டு தடவை இருமும், நின்றுவிடும். ஓரமாகத் தள்ளிப் போய்ப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் எதுவுமே நடக்காதது போல ஒரே உதையில் கிளம்பும். ஆறு வருடம் போர்வைக்குள் தூங்கிய வண்டி. அதனால் முதல் பழியை கார்புரேட்டர் மேல் போட்டேன். ஒரே மாதத்தில் மூன்று முறை கழற்றிக் கழுவினேன். மூன்று முறையும் மிதவைக் கிண்ணத்தின் அடியில் செம்மண் புழுதி மாதிரி ஒரு படிவு. மூன்றாவது முறைதான் புத்தி வந்தது. இந்தப் புழுதி கார்புரேட்டரில் விளைந்ததல்ல, மேலே இருந்து இறங்கி வந்தது.

அதற்கு முன் இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. டேங்க் மூடியில் இருக்கும் சின்னக் காற்றுத் துளை அடைத்துக்கொண்டாலும் வண்டி இப்படித்தான் நடிக்கும். பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று புக வழியில்லாமல் ஓட்டம் நின்றுவிடும். மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று சத்தம் வரும். மூடியைத் தளர்வாக வைத்து ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் மூன்றாவது கிலோமீட்டரில் நின்றது. சரி, டேங்க்தான். பெட்ரோல் ஓடும்போது துருத்தூள் வந்து குழாயின் வலைச் சல்லடையில் அப்பிக்கொள்கிறது. வண்டி நின்றதும் உதிர்ந்து கீழே விழுகிறது. அந்தப் பத்து நிமிட மர்மம் அவ்வளவுதான்.

டேங்கைக் கழற்றிப் பழைய பெட்ரோலை ஒரு கேனில் வடித்தேன். பெட்ரோல் வாசனையே இல்லை, பெயிண்ட் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு நெடி. டார்ச்சை வாய்க்குள் விட்டுப் பார்த்தால், நான் நினைத்ததற்கு நேர்மாறாக, மேல்கூரைதான் மோசமாக இருந்தது. ஆறு வருடமும் பெட்ரோல் பாதிதான் இருந்திருக்கிறது. அதற்கு மேலே இருந்த காற்றின் ஈரம் இரவு குளிரில் தகட்டில் வியர்த்து வியர்த்து, பெட்ரோல் மட்டத்துக்கு மேல் முழுக்கத் துரு. மட்டத்துக்குக் கீழே பழுப்புப் பிசின். எல்லை கோடு கிழித்த மாதிரி தெரிந்தது.

மோட்டார் சைக்கிள் டேங்க் சட்டத்தின் மேல் இரண்டு பக்கமும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும். என் வண்டியில் பெட்ரோல் குழாய் இடது காலில் இருக்கிறது. வலது காலில் வெளியே போக வழியே கிடையாது. வியர்த்து வழிந்த நீர் பெட்ரோலை விடக் கனமானது, அடிக்குப் போகும். இடது காலில் சேர்ந்தது அவ்வப்போது குழாய் வழியே வெளியேறிவிடும். வலது காலில் சேர்ந்தது அங்கேயே கிடக்கும். டேங்கை லேசாகச் சாய்த்தபோது, மிச்சமிருந்த பெட்ரோலுக்கு அடியில் கண்ணாடிக் கோலி போல ஒரு நீர்த்துளி உருண்டது. அது உருண்ட பாதை முழுக்கக் கறுத்து, சொரசொரவென்று பொருக்குத் தட்டியிருந்தது. இந்த வேலையில் எனக்கு வந்த எல்லாத் தலைவலியும் அந்த வலது காலிலிருந்துதான் வந்தது.

முதலில் பிசினை எடுக்க வேண்டும். துரு நீக்கும் அமிலம் தண்ணீரில் கரைத்தது. பிசின் பூசிய இடத்தில் அது ஒட்டாமல் வழிந்துவிடும். சூடான தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு இரண்டு முறை குலுக்கினேன், பெரிய பலனில்லை. அரை லிட்டர் அசிட்டோன் ஊற்றி, வாயை மூடி, ஒவ்வொரு பக்கமாகக் கால் மணி நேரம் படுக்க வைத்தேன். வெளியே வந்தது தேங்காய் நார் ஊறிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. இன்னொரு முறை, கொஞ்சம் வெளுப்பு. அசிட்டோன் வெளியே ஒரு சொட்டு பட்டாலும் பெயிண்டைத் தின்றுவிடும். அதனால் முன்கூட்டியே டேங்க் முழுவதும் வாசலின் தடவி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, வாயைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முதல் நாளிலிருந்தே புத்திசாலியாக நடந்துகொண்டேன்.

அடுத்தது பொருக்கை உடைப்பது. சின்ன நட்டுகள் நாற்பது எண்ணிப் போட்டு, டேங்கைப் பழைய கம்பளியில் சுற்றி, குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி அரை மணி நேரம் ஆட்டினேன். தாலாட்டு என்று சொன்னது மரியாதைக்கு. சத்தம் தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை. கொட்டிப் பார்த்தால் இரண்டு கை நிறையத் துருச் செதில். நட்டு முப்பத்தெட்டு. நூலில் காந்தம் கட்டித் துழாவி ஒன்றை எடுத்தேன். நாற்பதாவது? போனில் மாட்டும் குழாய் கேமரா ஒன்றை வாங்கி உள்ளே விட்டுப் பார்த்தால், வலது காலில், நடு வளைவுத் தகடும் பக்கத் தகடும் சேரும் இடுக்கில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடுங்க ஒரு சாயங்காலம் போனது. மறுபடி செய்தால் நட்டே போட மாட்டேன். மெல்லிய இரும்புச் சங்கிலி ஒன்றை விட்டு, ஒரு முனையை வெளியே கட்டிக்கொள்வேன்; ஒரே இழுப்பில் எல்லாம் வெளியே வந்துவிடும்.

துரு எடுக்கப் பல வழிகள் உண்டு. வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் ஓர் இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு பேட்டரி சார்ஜரால் மின்சாரம் பாய்ச்சும் முறை நல்ல முறைதான். டேங்க் எதிர்முனை, கம்பி நேர்முனை. ஆனால் கம்பிக்கு நேர் எதிரே இருக்கும் இடத்தில்தான் வேலை மும்முரமாக நடக்கும். வளைவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கால்களுக்கு அது சரியாக எட்டாது. போதாக்குறைக்கு ஹைட்ரஜன் வேறு கிளம்பும். கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேகமானது, ஆனால் துருவோடு நல்ல இரும்பையும் சேர்த்துத் தின்னும். எனக்கு அவசரமில்லை, சிட்ரிக் அமிலம் எடுத்தேன். டேங்க் பன்னிரண்டு லிட்டர். ஒரு கிலோ அமிலத்தை வெந்நீரில் கரைத்து, மேல்கூரையும் நனைய வேண்டும் என்பதால் வாய் தளும்ப ஊற்றினேன். குழாய் ஓட்டையில் ரப்பர் வாஷரோடு ஒரு போல்ட். கையுறையும் கண்ணாடியும் போட்டிருந்தேன்.

ஊற்றிய கொஞ்ச நேரத்தில் நுரை பொங்கியது. இரண்டு மணி நேரத்தில் கரைசல் பச்சை கலந்த மஞ்சள். இரவு போய்ப் பார்த்தேன், கறுத்திருந்தது. காலையில் கொஞ்சம் வடித்து டார்ச் அடித்தால், உள்ளே சாம்பல் நிறத்தில் சுத்தமான இரும்பு! சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. கீழே விரித்திருந்த செய்தித்தாளில், வலது காலுக்கு நேர் அடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். பிளாஸ்டிக்கைப் பிரித்தால் பெயிண்டில் ஒரு கொப்புளம். அதன் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் அந்த ஓட்டையை அடைத்து வைத்திருந்தது துருதான். நான் காவல்காரனைக் கழுவி வெளியே அனுப்பியிருக்கிறேன்.

அன்றைக்கே இன்னொரு அடி. அமிலத்தை வடித்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு அலசி, டேங்கைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு போன் பேசப் போனேன். இருபது நிமிடம் இருக்கும். திரும்பி வந்து பார்த்தால் உள்ளே முழுக்க இளஞ்செம்மஞ்சள். சுத்தமான இரும்பு ஈரத்தோடு காற்றைப் பார்த்தால் அப்படித்தான், கண் முன்னாலேயே துரு பிடிக்கும். தெரிந்த விஷயம்தான், ஆனால் இவ்வளவு வேகம் என்று எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வாரம் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, போனை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். இந்த முறை நீர்க்கச் செய்த பாஸ்பாரிக் அமிலம், அரை மணி நேரம். அது மெல்லிய துருவைக் கரைப்பதோடு இரும்பின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பாஸ்பேட் படலத்தையும் விட்டுப் போகும். அந்தப் படலம் கொஞ்ச நேரம் துருவைத் தடுத்து நிறுத்தும். வடித்து, ஒரே அலசு, உடனே அரை லிட்டர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றி நாலா பக்கமும் சுழற்றி வடித்தேன். ஆல்கஹால் மிச்சத் தண்ணீரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடும். வலது காலுக்காக இதை இரண்டாவது முறையும் செய்தேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆல்கஹால் ஆவி இருக்கும் டேங்குக்குள் ஹேர் டிரையரையோ ஹீட் கன்னையோ நேராக நீட்டாதீர்கள். முதலில் வெட்டவெளியில் வைத்து, ஒரு சின்ன விசிறியில் குழாய் மாட்டிக் குளிர்ந்த காற்றையே ஓடவிட்டேன். நெடி முழுக்கப் போன பிறகுதான் வெதுவெதுப்பான காற்று, அதுவும் தள்ளி நின்று.

காய்ந்ததும் இரவில் விளக்கை அணைத்துவிட்டு டேங்குக்குள் டார்ச்சை இறக்கினேன். இருட்டில் வலது காலின் அடித் தையலோரம் மூன்று நட்சத்திரம். இரண்டு பளிச்சென்று, மூன்றாவது தலையைச் சாய்த்துப் பார்த்தால் மட்டும். எதற்கென்றே தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“வெல்டிங் வைத்துவிடலாமே தம்பி” என்றார் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர். நான் ஒப்பவில்லை. பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் கலந்திருந்தாலே பற்றிக்கொள்ளும். டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தால் உள்ளே காற்றே இருக்காது. காலி டேங்கில்தான் அந்தக் கலவை கச்சிதமாக அமையும். ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு கனம் என்பதால் தானாக வெளியேறியும் போகாது. எத்தனை முறை கழுவினாலும் தையல் மடிப்புக்குள் பெட்ரோல் ஒளிந்திருக்கும். சுட்டதும் அது வெளியே வரும். ஓட்டை விரல் நுழையும் அளவில் இருந்தால் அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுத்துத் தகடு வைக்கத்தான் வேண்டும். எனக்கு இருந்தவை ஊசிமுனைப் பொத்தல்கள். உள்ளே எபாக்சிப் பூச்சு போதும். வெளியே பெயிண்டைச் சுரண்டி, உலோக எபாக்சி பசையும் கொஞ்சம் அப்பினேன்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று நட்சத்திரமும் இல்லாவிட்டால் நான் பூச்சே போட்டிருக்க மாட்டேன். பிடிக்காத பூச்சு துருவை விடக் கெடுதல். ஈரத்தின் மேலோ எண்ணெய் மேலோ போட்டால் ஒரு வருடத்தில் தோல் தோலாக உரிந்து குழாயை அடைக்கும். பிறகு அதை எடுப்பது இந்த வேலையைப் போல இரண்டு மடங்கு. பழைய வகைப் பூச்சுகள் சிலவற்றை எத்தனால் கலந்த பெட்ரோல் இளக்கிவிடுவதும் உண்டு. அதனால் எத்தனாலைத் தாங்கும் என்று டப்பாவிலேயே போட்டிருந்த இரு பாக எபாக்சியாகப் பார்த்து வாங்கினேன்.

முதலில் கொஞ்சம் ஒரு கோப்பையில் கலந்து சோதித்தேன். கோப்பையிலேயே விட்டதில் தொட முடியாத அளவுக்குச் சூடேறிச் சட்டென்று கல்லாகிவிட்டது. குவியலாக இருந்தால் தன் சூட்டிலேயே அது சீக்கிரம் இறுகும். கலந்தவுடன் டேங்கில் ஊற்றிப் பரப்ப வேண்டும் என்பது அதில் புரிந்தது. குழாய் ஓட்டை போல்டுக்கும் மரைக்கும் வாசலின் தடவி முடுக்கினேன். ஊற்றி, வாயை மூடி, முதலில் வலது கால், பிறகு அடி, முன், பின், இடது கால், கூரை என்று இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு திருப்பு. முக்கால் மணி நேரம் மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். தேன் மாதிரி ஓடியது மெதுவாகிக்கொண்டே வந்தது.

மிச்சத்தை வெளியே கொட்டச் சொல்லி டப்பாவில் போட்டிருந்தது. ஆனால் டேங்க் வாயின் விளிம்பு உள்பக்கமாக நீண்டிருப்பதால் கவிழ்த்தால் முழுக்க வராது, கூரையில் தேங்கும். வந்த வரைக்கும் கொட்டிவிட்டு, மீதியை வேண்டுமென்றே வலது காலில் இறங்கவிட்டேன். பொத்தல் இருப்பதே அங்கேதான். அடியில் மூன்று நான்கு மில்லிமீட்டர் தேங்கி இறுகியிருக்கிறது. குழாய் போல்டை இறுகுவதற்கு முன் அரைச் சுற்று திருப்பி வைக்க மறந்துவிட்டேன். மறுநாள் ஸ்பேனர் போட்டு அழுத்தியபோது ‘டக்’ என்று ஒரு சத்தம். மரை போயிற்று என்றே நினைத்தேன். வாசலின் காப்பாற்றியது.

நான்கு நாள் காயவிட்டு, ஒரு லிட்டர் பெட்ரோல் ஊற்றி, வலது காலுக்கு அடியில் செய்தித்தாள் விரித்து ஓர் இரவு வைத்தேன். காலையில் தாள் காய்ந்தே இருந்தது. டேங்கை மாட்டி, கார்புரேட்டருக்கு முன்னால் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஃபில்டரையும் பொருத்தினேன். முதல் நாள் அதில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் வந்தன. பிறகு எதுவும் வரவில்லை.

நேற்று வீட்டுக்குத் திரும்பும் வழியில், ரிசர்வும் தீர்ந்து வண்டி நின்றது. பழைய பழக்கத்தில் கை கார்புரேட்டர் பக்கம் போனது. அப்புறம் வண்டியை இடப்பக்கம் நன்றாகச் சாய்த்துப் பிடித்தேன். நடு வளைவைத் தாண்டி வலது காலிலிருந்து பெட்ரோல் இடது காலுக்குள் சளக்கென்று விழும் சத்தம் கேட்டது. குனிந்து ஃபில்டரைப் பார்த்தேன். நிறமே இல்லாமல் நிறைந்துகொண்டிருந்தது. ஒரு உதை உதைத்தேன், கிளம்பிவிட்டது.