ஆயிரத்தொன்பதும் லிப்ரே ஆபீஸும்

கும்பகோணம், திருவாரூர் பக்கத்து டிடிபி கடைகளிலும் அரிசி ஆலை அலுவலகங்களிலும் கம்ப்யூட்டர் பராமரிப்பது என் தொழில். கேட்பவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள், அதாவது யார் வேண்டுமானாலும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தருகிற மென்பொருள், போட்டுத் தருவேன். அதில் நுட்பச் சிக்கல் வருவதற்கு முன்பே பெயர்ச் சிக்கல் வந்துவிடும்.

'இலவசம்' என்றால் முதலாளியின் முகம் மாறும். இலவசம் என்றதும் இங்கே நினைவுக்கு வருவது அரசு கொடுத்த மிக்சியும் மின்விசிறியும்தான். "காசு கொடுத்து வாங்கினா நாளைக்கு ஒருத்தனைக் கேக்கலாம். இதுக்கு நான் யாரைக் கேக்கறது தம்பி?" என்பார். நியாயமான கேள்வி. இத்தனைக்கும் அவர் கடையில் ஓடும் போட்டோஷாப்புக்கும் யாரும் காசு கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அதற்கு வெளியே ஒரு விலை உண்டு, அந்த மதிப்பு இருக்கிறது.

ஆங்கிலத்திலும் இதே தகராறுதான். 1983இல் குனூ என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் 'ஃப்ரீ' என்று சுதந்திரத்தைச் சொல்ல, கேட்டவர்கள் விலையைப் பற்றி நினைத்தார்கள். 1998இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் இணைய உலாவியின் மூலநிரலை எல்லோருக்கும் திறப்பதாக அறிவித்த கையோடு, கிறிஸ்டின் பீட்டர்சன் 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயரைக் கொண்டுவந்தார். கம்பெனிகளுக்கு அது பிடித்துப்போனது. ஸ்டால்மன் ஏற்கவில்லை. தமிழில் 'கட்டற்ற' என்பதில் இந்தக் குழப்பமே இல்லை. ஆனாலும் கடையில் சொன்னால் "கட்டணம் இல்லாததா?" என்று திரும்ப அங்கேயே வந்து நிற்கிறார்கள்.

முதலாளியைக்கூடச் சமாளித்துவிடலாம். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கேள்விதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர். இன்க்ஸ்கேப் என்ற கட்டற்ற வரைகலை மென்பொருளில் கை நன்றாகவே ஓடியது. "எல்லாம் சரி அண்ணே, நாளைக்கு வேற கடைக்குப் போனா இதை பயோடேட்டால போட முடியுமா?" என்றார். தஞ்சாவூரில் எந்த அச்சகத்து விளம்பரத்தைப் பார்த்தாலும் 'போட்டோஷாப், கோரல் தெரிந்தவர் தேவை' என்றுதான் இருக்கும். அங்கே அவை மென்பொருளின் பெயர்கள் அல்ல, வேலையின் பெயர்கள். எந்தக் கம்பெனி மெஷினில் எடுத்தாலும் ஜெராக்ஸ் என்கிறோமே, அப்படி. புதுப் பெயரைக் கற்பதால் அவருக்குச் சம்பளம் ஏறப்போவதில்லை. இதை மாற்றத்துக்குப் பயம், சோம்பல் என்றெல்லாம் சொல்பவர்கள் மாதச் சம்பளத்துக்கு டிடிபி கடையில் உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

பெயர் விளங்காவிட்டால் பரவாது என்று சொல்லவில்லை. வீடியோ பார்க்கும் விஎல்சி என்பதன் விரிவு இங்கே யாருக்குத் தெரியும்? பாரிஸில் மாணவர்கள் தொடங்கியது, 2001 முதல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் இருக்கிறது. எந்த வீடியோவைப் போட்டாலும் ஓடியது, போதும். அந்த இடத்தில் வேறு பெயர் எதுவும் வேரூன்றியிருக்கவில்லை என்பதும் ஒரு காரணம். நெல்லிலும் இப்படித்தான். சம்பாவுக்குப் போடும் சி.ஆர். 1009க்குச் சாவித்திரி, பொன்மணி என்று அழகான பெயர்கள் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த மண்டிகளில் அது ஆயிரத்தொன்பதுதான்.

பெயரை மாற்றினாலும் தொல்லை. 2010இல் ஓப்பன் ஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளிலிருந்து பிரிந்தவர்கள், பழைய பெயர் ஆரக்கிள் நிறுவனத்திடம் இருந்ததால் லிப்ரே ஆபீஸ் என்று வைத்துக்கொண்டார்கள். வேலையெல்லாம் இந்தப் பக்கம் வந்துவிட்டது. பழைய பெயரைப் பழகியவர்களோ இன்னமும் அதையே தேடி, வளர்ச்சி மந்தமாகிப்போன அதையே இறக்கி வைத்திருக்கிறார்கள். நானே போய்ப் பல இடங்களில் மாற்றியிருக்கிறேன்.

என் தொழிலில் சிலர் லிப்ரே ஆபீஸ் ரைட்டரின் ஐகானுக்கு 'வேர்டு' என்று பெயர் மாற்றிவிடுவார்கள். கேள்வியே வராது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாளைக்கு ஒரு அட்டவணை கலைந்துபோனால் யூடியூபில் எதைத் தேடுவார்கள்? வேர்டு என்று தேடி, தங்கள் திரையில் இல்லாத பட்டனைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள். அதனால் ஐகானை அப்படியே விட்டுவிடுகிறேன். பில்லில் மட்டும் 'இலவசம்' என்ற சொல் வராது. 'ஆபீஸ் சாஃப்ட்வேர் நிறுவல், ஓராண்டுப் பராமரிப்பு' என்று எழுதி, தொகையும் போட்டு, கீழே என் போன் நம்பர். யாரைக் கேட்பது என்ற கேள்வி அப்புறம் வருவதில்லை.