எத்தனை டேங்க் அடித்தீர்கள்?

பெரம்பலூர் பக்கம், பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் பூமி. அங்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினோரு ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். ஐப்பசி, கார்த்திகை வந்தால் தலைவலி, கிறுகிறுப்பு, தூக்கமில்லை என்று சீட்டெழுதியே கை ஓய்ந்துவிடும். மாத்திரை கொடுத்து அனுப்புவோம்.

அந்த ஊரில் ஒருவர், வயலில் கூலிக்குப் பூச்சிமருந்து அடிப்பவர். முதுகில் சுமக்கும் தெளிப்பானின் டேங்க் கணக்கில் கூலி என்பதால் வெயில் ஏறினாலும் நிறுத்த மாட்டார். தடுப்பூசிக்குப் போன ஒருநாள் வரப்பில் நின்று பார்த்தேன். வாளியில் மருந்தை ஊற்றிக் குச்சியால் கலக்கினார். கை மணிக்கட்டு வரை நனைந்தது. தெளிப்பானின் முனை அடைத்துக்கொண்டதும் கழற்றி, வாயில் வைத்து ஊதினார். துப்பிவிட்டு மறுபடி மாட்டினார். டேங்க் கசிந்து சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அதுவும் ஈரம். ஈரத்துண்டு மருந்தை முகத்தோடு பிடித்துவைக்கும் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

மறு ஆண்டு அவர் மனைவி வந்தார். இரவெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் சிஸ்டர், பிள்ளை சிரித்தால்கூட எரிந்து விழுகிறார், சொன்னதைச் சொன்னவுடன் மறந்துவிடுகிறார் என்றார். குடிக்கிறாரா, கடன் இருக்கிறதா, வீட்டில் சண்டையா என்று கேட்டேன். எத்தனை ஆண்டுகளாக மருந்தடிக்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு உறுத்துகிறது.

மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் பூச்சியின் நரம்பில் செய்வதையேதான் நம் நரம்பிலும் செய்கின்றன. ஒரேயடியாக நஞ்சேறி வந்தால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும். நஞ்சை முறிக்கும் அட்ரோபின் ஊசி போடுவோம், அது எங்களுக்கு மனப்பாடம். தோல்வழி பருவத்துக்குப் பருவம் ஏறுவதை எழுத எங்களிடம் பதிவேடு கிடையாது. அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா விவசாயிகளை 1993 முதல் பின்தொடரும் ஆய்வில், ஒருமுறை பூச்சிமருந்து நஞ்சேறியவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகவே காணப்பட்டது. கடனும் பொய்த்த மழையும் மனதை உடைக்கும்தான். அவற்றோடு இதையும் கேட்க வேண்டும். அப்படி உடைந்த மனிதரின் வீட்டிலேயே அந்தப் புட்டியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. பூட்டி வையுங்கள், சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மாளிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் அவரே வந்தார். இந்த முறை கேட்டேன். விரல்விட்டு எண்ணிச் சொன்னார். பிறகு, சித்திரை வைகாசியில் கொஞ்சம் தூங்கிவிடுகிறேன் சிஸ்டர், அப்போது மருந்தடிப்பு இருக்காது என்றார்.

மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பும் சீட்டில், ‘மருந்தடிப்பு 16 ஆண்டு, பருவத்தில் நாளுக்கு 12 டேங்க்’ என்று எழுதினேன். அதற்கென்று கட்டம் இல்லாததால் ஓரத்தில்.