தேடல் பெட்டியில் % போடுவது யார் வேலை?

பில்லிங் மென்பொருளில் வாடிக்கையாளர் பெயரைத் தேடுகிறவர் 'முருகன்' என்று அடிப்பார். டேபிளில் இருப்பது 'பாலமுருகன்'. சமக்குறி (=) போட்ட க்வெரி, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி, ஒன்றும் தராது. சமக்குறிக்குப் பதில் லைக் (LIKE) என்று மாற்றினாலும் தராது, 'இங்கே எந்த எழுத்துகளும் இருக்கலாம்' என்று சொல்லும் % இருந்தால்தான் வரும். அதை நிரல் போடட்டும். கவுண்டரில் நிற்பவர் எதற்குப் போட வேண்டும்?

முன்னும் பின்னும் உள்ள ஸ்பேஸை வெட்டிவிட்டு இருபக்கமும் % ஒட்டுங்கள். க்வெரியின் உரையில் அல்ல, பாராமீட்டரில், அதாவது க்வெரிக்குத் தனியாக அனுப்பும் மதிப்பில். பெட்டி காலியாக இருந்தால் நிபந்தனையையே விட்டுவிடுங்கள். '%%' எல்லா வரிசையையும் தருவதுபோல் தோன்றும், ஆனால் பெயர் NULL ஆக, அதாவது மதிப்பே இல்லாமல், உள்ளவை காணாமல் போகும்.

ஒட்டுவதற்கு முன், பயனர் அடித்த %, _ இரண்டுக்கும் முன்னால் \ சேர்க்க வேண்டும்; 'இதை வெறும் எழுத்தாகவே எடு' என்று அது சொல்லும். இல்லாவிட்டால், _ என்பது ஏதோ ஓர் எழுத்தைக் குறிப்பதால், 'ஏ_12' என்று தேடினால் 'ஏ-12'உம் வந்து நிற்கும். முதலில் \ குறியை இரட்டிப்பாக்குங்கள், பிறகு மற்றவை. வரிசை மாறினால் நீங்கள் சேர்த்த \ குறியே இரட்டித்துவிடும். எஸ்க்யூஎல் சர்வரில் \ தான் அந்தக் குறி என்று எஸ்கேப் (ESCAPE) போட்டுத் தனியாகச் சொல்ல வேண்டும், அங்கே தனிப் பொருள் உள்ள [ குறியையும் கவனிக்க வேண்டும்.

'மதுரை முருகன்' என்று இரண்டு சொல் வந்தால் நடுவில் % வைப்பது அரைகுறை வேலை. 'முருகன், மதுரை' சிக்காது. ஸ்பேஸில் பிரித்து, சொல்லுக்கு ஒரு லைக், இடையில் ஆண்ட் (AND).

தமிழில் இன்னொரு சிக்கல். 'ல்' என்பது யூனிகோடில் ல, புள்ளி என்று இரண்டு குறிகள். அதனால் '%செந்தில்%' போட்டால் 'செந்திலாண்டவர் ஸ்டோர்ஸ்' வராது, அங்கே ல-வுக்கு அடுத்து இருப்பது கால். சொல்லின் கடைசிப் புள்ளியை மட்டும் உதிர்த்துவிட்டு % ஒட்டினால் வரும். 'கல்' தேடினால் 'கலா'வும் வருவாள், பரவாயில்லை. சரியாகப் பொருந்துவதை மேலே வைத்து வரிசைப்படுத்தினால் போதும். அதுபோல 'கொ'வில் க-வுக்கு அடுத்து வரும் ஒகரக் குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரிந்தும் இருக்கலாம்; கண்ணுக்கு ஒன்றுதான். சேமிக்கும்போதும் தேடும்போதும், பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றுங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 13 முதல் அதற்கு நார்மலைஸ் (normalize) உண்டு.

முன்னால் % வந்தால், தேடலை வேகமாக்கும் வழக்கமான பி-ட்ரீ (B-tree) இண்டெக்ஸ் உதவாது. சில ஆயிரம் பெயர் என்றால் அந்தத் தாமதம் யாருக்கும் தெரியாது. லட்சக்கணக்கில் என்றால் போஸ்ட்கிரெஸின் pg_trgm எக்ஸ்டென்ஷனும் அதன்மேல் ஜின் (GIN) இண்டெக்ஸும் வையுங்கள். அது மும்மூன்று எழுத்தாக நறுக்கி வைப்பதால், ஓரிரண்டு எழுத்தை இருபக்க %-உடன் தேடினால் பயனில்லை. அப்போது பின்பக்கம் மட்டும் % போடுங்கள். க்வெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் (EXPLAIN ANALYZE) ஓட்டி, இண்டெக்ஸ் உண்மையிலேயே பயன்படுகிறதா என்று பாருங்கள்.

பில் எண் பெட்டிக்கு இதெல்லாம் வேண்டாம். 12 என்று அடித்தவருக்கு 112உம் 1205உம் காட்டினால் எரிச்சல்தான் வரும்.